ஏவுகணை தடுப்பு கவசம் இருந்தா எதிரி தாக்க மாட்டானா? அயர்ன் டோம் முதல் எஸ்-400 வரை முழு விளக்கம்

2024 ஏப்ரல் 13 இரவு. ஈரான் இஸ்ரேலை நோக்கி ஒரே நேரத்தில் 300-க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் அனுப்பியது. விடிந்தபோது, அவற்றில் 99 சதவீதத்தை வானத்திலேயே வீழ்த்திவிட்டதாக இஸ்ரேல் ராணுவம் அறிவித்தது. ஒரு விமானப்படைத் தளத்தில் லேசான சேதம். ஒரு சிறுமிக்குப் பலத்த காயம். உயிரிழப்பு இல்லை.

14 மாதங்கள் கழித்து, 2025 ஜூன். அதே இரண்டு நாடுகள், அதே தடுப்புக் கவசம். ஆனால் இந்த முறை டெல் அவிவைச் சுற்றியுள்ள பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இடிந்தன. பீர்ஷெபா நகரில் ஒரு பெரிய மருத்துவமனை மீது ஏவுகணை விழுந்தது. 12 நாள் போரில் இஸ்ரேலில் 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஈரானில் பலி அதைவிடப் பல மடங்கு.

நடுவில் என்ன ஆச்சு? கவசம் கெட்டுப்போச்சா? இல்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் அந்த வேலைதான் என்ன? கவசம் இருக்கும் நாட்டைத் தாக்க எதிரி பயப்படுவானா? இந்தியாவிடம் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏவுகணை தடுப்பு அமைப்பு என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, நம்மை நோக்கி வரும் ஏவுகணையை, அது தரையைத் தொடும் முன்பு இன்னொரு ஏவுகணையால் அடித்து அழிப்பது. வருவதைத் தடுக்க அனுப்பப்படும் இந்த இரண்டாவது ஏவுகணையை 'இடைமறிப்பு ஏவுகணை' என்கிறார்கள்.

டிவியில் நாம் பார்ப்பது வானத்தில் மேலே பாயும் ஒளிக்கோட்டை மட்டும்தான். அதற்கு முன்பே மூன்று வேலைகள் முடிந்திருக்க வேண்டும்.

முதலில், பார்ப்பது. ஏவுகணை கிளம்பும்போது வரும் கடும் வெப்பத்தைச் செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும். பிறகு தரையில் உள்ள ரேடார் அதைப் பின்தொடரும்.

இரண்டாவது, கணிப்பது. எந்த வேகத்தில், எந்தப் பாதையில் வருகிறது, எங்கே விழும் என்று கணினி கணக்குப் போடும்.

மூன்றாவது, முடிவெடுப்பது. இதை அடிக்கணுமா, விட்டுடலாமா? அடிப்பதென்றால் எந்த இடத்தில், எத்தனை இடைமறிப்பு ஏவுகணைகள்?

இதற்கெல்லாம் பிறகுதான் நான்காவது வேலையான அடிப்பது. இந்த நான்கும் சில நிமிடங்களில், சின்ன ராக்கெட் என்றால் சில விநாடிகளில், முடிந்தாக வேண்டும்.

வருவது எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. வருவது என்ன என்பதைப் பொறுத்துத்தான் தடுப்பும் மாறும்.

ட்ரோன்: மெதுவாக வரும். ஈரானிலிருந்து இஸ்ரேலுக்கு வர பல மணி நேரம் ஆகும். போர் விமானங்களை அனுப்பியே சுட்டு வீழ்த்தலாம். ஆனால் விலை குறைவு என்பதால் கூட்டமாக வரும்.

குரூஸ் ஏவுகணை: சிறிய விமானம் போலத் தாழ்வாகப் பறந்து வரும். மலை, கட்டடம் ஆகியவற்றுக்குப் பின்னால் மறைந்து வருவதால் ரேடாருக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

பாலிஸ்டிக் ஏவுகணை: நாம் கல்லைத் தூக்கி எறிவது போலத்தான். முதல் சில நிமிடங்கள் மட்டும் இன்ஜின் உந்தித் தள்ளும். பிறகு வளைவான பாதையில் மேலே போய், புவியீர்ப்பு விசையால் கீழே பாயும். நீண்ட தூர ஏவுகணை என்றால் விண்வெளி வரை போய்த் திரும்பும். ஈரானிலிருந்து இஸ்ரேலை அடைய இதற்குச் சுமார் 12 நிமிடங்கள் போதும்.

ராக்கெட்: காசாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் ஏவப்படும் பலவற்றில் இலக்கைத் தேடிச் செல்லும் கருவி கிடையாது. ஏவிய திசையில் போய் விழும். தூரம் குறைவு என்பதால் அபாயச் சங்கு ஒலித்த பிறகு மக்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான்.

எந்த இடத்தில் அடிக்கலாம்?

ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையின் பயணத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

கிளம்பும் கட்டத்தில் அது மெதுவாக, நெருப்பைக் கக்கிக்கொண்டு போவதால் அடிப்பது சுலபம் போலத் தோன்றும். ஆனால் அப்போது அது எதிரி நாட்டுக்குள் இருக்கும். அவ்வளவு பக்கத்தில் நாம் இருக்க முடியாது.

நடுக்கட்டத்தில் அது விண்வெளியில் பறக்கும். அடிக்க அதிக நேரம் கிடைப்பது இங்கேதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்வெளியில் காற்று இல்லை. அதனால் கனமான வெடிகுண்டும், அதோடு சேர்த்து வீசப்படும் வெறும் பலூனும் ஒரே வேகத்தில்தான் போகும். எது நிஜம், எது போலி என்று பிரித்தறிவது இத்துறையின் மிகப் பெரிய சவால்களில் ஒன்று.

கடைசிக் கட்டத்தில் அது காற்று மண்டலத்துக்குள் நுழைந்து நம் தலைக்கு மேலே வரும். இங்கே பலூன் பின்தங்கிவிடும், எது நிஜம் என்று தெரிந்துவிடும். ஆனால் கையில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான்.

ஒரே இடத்தில் நின்று எல்லாவற்றையும் தடுக்க முடியாது. அதனால்தான் 'அடுக்கு' பாதுகாப்பு.

இஸ்ரேலின் மூன்று அடுக்குகள்

பலரும் நினைப்பது போல, ஈரான் ஏவுகணைகளைத் தடுத்தது அயர்ன் டோம் மட்டும் அல்ல. அது கடைசி அடுக்கு.

அயர்ன் டோம்: 2006 லெபனான் போரில் ஹெஸ்பொலா அமைப்பு வடக்கு இஸ்ரேல் மீது சுமார் 4,000 ராக்கெட்டுகளை ஏவியது. அதன் பிறகுதான் இதை உருவாக்கும் முடிவு எடுக்கப்பட்டது. 2011 மார்ச்சில் பணிக்கு வந்தது. அடுத்த மாதமே காசாவிலிருந்து வந்த ஒரு ராக்கெட்டை முதன்முறையாக வீழ்த்தியது. 4 முதல் 70 கி.மீ. வரையிலான தூரத்திலிருந்து வரும் ராக்கெட்டுகளுக்கானது.

டேவிட்ஸ் ஸ்லிங்: இது நடு அடுக்கு. 2017-ல் பணிக்கு வந்தது. நடுத்தர தூர ராக்கெட்டுகளையும் குரூஸ் ஏவுகணைகளையும் தடுக்கும்.

ஆரோ-2, ஆரோ-3: மேல் அடுக்கு. பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கானவை. ஆரோ-2 காற்று மண்டலத்தின் மேல் பகுதியில் வெடித்து, வருவதைச் சிதறடிக்கும். ஆரோ-3 விண்வெளியிலேயே நேருக்கு நேர் மோதி அழிக்கும். வெடிமருந்து கிடையாது, மோதும் வேகமே போதும்.

இவற்றோடு அமெரிக்காவின் 'தாட்' அமைப்பும் 2024 அக்டோபரில் இஸ்ரேலுக்கு வந்தது. அதை இயக்குவதற்காகச் சுமார் 100 அமெரிக்க வீரர்களும் வந்தனர்.

ஏப்ரல் 2024 தாக்குதலில் இன்னொரு அடுக்கும் இருந்தது. அதுதான் நட்பு நாடுகள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜோர்டான் படைகள் பல ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் வழியிலேயே வீழ்த்தின. அந்த '99 சதவீதம்' இஸ்ரேல் தனியாக எடுத்த மார்க் அல்ல.

எல்லாத்தையும் ஏன் அடிக்காது?

அயர்ன் டோம் வரும் எல்லா ராக்கெட்டையும் அடிப்பதில்லை. எங்கே விழும் என்று முதலில் கணக்குப் போடும். வயல்வெளி, பாலைவனம், கடல் என்றால் விட்டுவிடும். ஊருக்குள் விழும் என்றால் மட்டும் அடிக்கும். இஸ்ரேல் சொல்லும் 'சுமார் 90 சதவீத வெற்றி' என்பது, இப்படி அடிக்க முடிவெடுத்தவற்றில் எத்தனை வீழ்ந்தன என்ற கணக்கு. ஏவப்பட்ட மொத்த ராக்கெட்டுகளில் அல்ல.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. எது 'ஊர்', எது 'வெட்டவெளி' என்று யார் முடிவு செய்வது?

இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைவனத்தில் பதூவின் அரபு மக்கள் வசிக்கும் பல கிராமங்களை அரசு அங்கீகரிக்கவில்லை. வரைபடத்தில் அவை வெட்டவெளி. பெரும்பாலானவற்றில் பதுங்குமிடமும் இல்லை. ஏப்ரல் 2024-ல் பலத்த காயமடைந்த அந்தச் சிறுமி இந்தப் பகுதியைச் சேர்ந்த ஏழு வயதுக் குழந்தை. வானத்தில் உடைந்த ஏவுகணையின் துண்டு அவளுடைய வீட்டின் மீது விழுந்தது.

2025 ஜூனில் வடக்கே தம்ரா என்ற அரபு நகரில் ஒரு வீட்டின் மீது ஈரான் ஏவுகணை விழுந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பெண்கள் உயிரிழந்தனர். அங்கேயும் பொதுப் பதுங்குமிடங்கள் இல்லை என்பது பெரிய விவாதமானது.

அதனால் இடைமறிப்பு ஏவுகணை மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. எச்சரிக்கை ஒலி, அது கேட்டதும் ஓடிப் போக ஒரு பதுங்குமிடம், பிறகுதான் இடைமறிப்பு. மூன்றும் சேர்ந்தால்தான் உயிர் தப்பும். 1991 வளைகுடாப் போரில் இராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகள் இஸ்ரேல் நகரங்களில் விழுந்த பிறகு, புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒரு பாதுகாப்பு அறை கட்டாயம் என்று அங்கே சட்டம் கொண்டுவந்ததும் இதனால்தான்.

கவசம் இருந்தா எதிரி பயப்படுவானா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எதிரியைத் தாக்கவே துணியாமல் செய்வதை ராணுவ மொழியில் 'டிடரன்ஸ்' என்கிறார்கள். அமெரிக்க அரசியல் அறிஞர் கிளென் ஸ்னைடர் 1961-ல் வெளியான நூலில் இதை இரண்டு வகையாகப் பிரித்து விளக்கினார்.

முதல் வகை தண்டனை. "நீ அடிச்சா, நான் அதைவிடப் பலமா திருப்பி அடிப்பேன்." அணு ஆயுத நாடுகள் ஒன்றையொன்று தாக்காமல் இருப்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இந்தப் பயம்தான்.

இரண்டாம் வகை மறுப்பு. "நீ அடிச்சாலும் உனக்கு எதுவும் கிடைக்காது." உங்கள் ஏவுகணை இலக்கை அடையாது, காசும் போகும், பெயரும் கெடும், எனவே அடிக்காதே என்பது. ஏவுகணை தடுப்புக் கவசம் இந்த இரண்டாம் வகை.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில்?

அயர்ன் டோம் வந்த பிறகும் காசாவிலிருந்து ராக்கெட் வருவது நிற்கவில்லை. 2012, 2014 மோதல்களில் வந்தது. 2021 மே மாதம் 11 நாட்களில் 4,000-க்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. 2023 அக்டோபர் 7 அன்று ஆயிரக்கணக்கில் ஏவப்பட்டன. ஆரோ இருப்பது தெரிந்தேதான் ஈரான் 2024 ஏப்ரலிலும், அக்டோபரிலும், 2025 ஜூனிலும் ஏவியது.

ஆக, கவசம் மட்டும் தாக்குதலை நிறுத்திவிடும் என்பதற்கு இந்த அனுபவத்தில் ஆதாரம் இல்லை. அதற்காக அது வீண் என்றும் சொல்ல முடியாது. அது வேறொன்றைச் செய்கிறது.

ஒரே கவசம், இரண்டு முடிவுகள்

கவசம் நிஜமாக மாற்றுவது எதிரியின் மனதைவிட, அந்தக் கவசத்தை வைத்திருப்பவரின் கையைத்தான்.

2024 ஏப்ரலைப் பாருங்கள். அந்த இரவு 120 பாலிஸ்டிக் ஏவுகணைகளில் பாதி நகரங்களில் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுநாளே பெரிய போர் தவிர இஸ்ரேல் அரசுக்கு வேறு வழி இருந்திருக்காது. உயிரிழப்பு இல்லாததால் அமெரிக்காவால் "பொறுங்க" என்று சொல்ல முடிந்தது. ஆறு நாள் கழித்து இஸ்ரேல் கொடுத்த பதிலடி, இஸ்ஃபஹான் அருகே ஒரு வான் பாதுகாப்பு ரேடாரைக் குறிவைத்த சிறிய தாக்குதலோடு நின்றது. ஈரானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்தச் சுற்று அத்தோடு முடிந்தது. கவசம் வாங்கிக் கொடுத்தது யோசிக்கும் நேரத்தை.

இப்போது 2025 ஜூன் 13-ஐப் பாருங்கள். இந்த முறை முதலில் அடித்தது இஸ்ரேல். ஈரானின் அணுசக்தி மையங்கள், ராணுவத் தளபதிகள் மீது தாக்குதல். ஈரான் நூற்றுக்கணக்கான பாலிஸ்டிக் ஏவுகணைகளால் திருப்பி அடிக்கும் என்பது இஸ்ரேலுக்குத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இல்லாமல் அந்த முடிவை எடுத்திருக்க முடியாது. அந்தக் கணக்கில் பெரும்பகுதி இந்தக் கவசம்தான்.

ஒரு சமயம் போரைத் தள்ளிப்போட உதவிய அதே கவசம், இன்னொரு சமயம் போரைத் தொடங்கும் துணிச்சலைத் தந்தது.

12 நாட்களில் ஈரான் ஏவிய பாலிஸ்டிக் ஏவுகணைகள் 500-க்கும் மேல். 80 சதவீதத்துக்கும் அதிகமாகத் தடுத்ததாக இஸ்ரேல் கூறியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது பெரிய வெற்றி. ஆனால் 500-ல் பத்து சதவீதம் தப்பினாலே 50 ஏவுகணைகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கிலோ வெடிமருந்து. ஒன்று விழுந்தாலே ஒரு தெரு சிதைந்துவிடும்.

அந்தப் போரின் கடைசியில், ஜூன் 23 அன்று, கத்தாரில் உள்ள அல் உதைத் அமெரிக்கத் தளம் மீதும் ஈரான் ஏவுகணைகளை வீசியது. தமிழர்கள் ஏராளமானோர் வேலை பார்க்கும் தோஹாவிலிருந்து பார்த்தாலே வானத்தில் இடைமறிப்புகள் தெரிந்தன. வான்வெளி மூடப்பட்டு விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. ஏவப்பட்ட 14-ல் 13 வீழ்த்தப்பட்டதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் கூறினார். ஈரான் முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தது. உயிரிழப்பு இல்லை. மறுநாளே போர் நிறுத்தம். இங்கேயும் கவசம் இரண்டு தரப்புக்கும் பின்வாங்க ஒரு வழி கொடுத்தது.

செலவுக் கணக்கு: யார் ஜெயிக்கிறார்கள்?

காசாவில் தயாரான ஒரு சாதாரண ராக்கெட்டின் விலை சில நூறு டாலர்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அதைத் தடுக்கும் ஒரு அயர்ன் டோம் இடைமறிப்பு ஏவுகணை சுமார் 50,000 டாலர். நம்ம ரூபாயில் 40 லட்சத்துக்கும் மேல். டேவிட்ஸ் ஸ்லிங் ஒன்று சுமார் 10 லட்சம் டாலர். ஆரோ-3 அதைவிடவும் பல மடங்கு. தாட் ஏவுகணை ஒன்று ஒரு கோடி டாலரையும் தாண்டும்.

அதுவும் ஒன்றுக்கு ஒன்று என்று அனுப்புவதில்லை. தவறிவிடக் கூடாது என்று ஒரு பாலிஸ்டிக் ஏவுகணைக்கு இரண்டு, சில நேரம் அதற்கும் மேல் அனுப்புவார்கள்.

"ஒரு அடுக்குமாடிக் கட்டடம் இடிந்தால் அதைவிட நஷ்டம்தானே?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. காப்பாற்றப்படும் உயிரோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பெரிதல்ல.

ஆனால் காசைவிட முக்கியமான பிரச்சினை கையிருப்பு. இந்த ஏவுகணைகளை ஒரு மாதத்தில் ஆயிரக்கணக்கில் தயாரிக்க முடியாது. 2025 ஜூன் போரில் அமெரிக்கா 100-க்கும் மேற்பட்ட தாட் ஏவுகணைகளைச் செலவழித்ததாக அமெரிக்க ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. அதை மீண்டும் நிரப்ப ஆண்டுகள் ஆகும். எதிரிக்கும் இது தெரியும். அதனால்தான் முதலில் மலிவான ட்ரோன்களை அனுப்பி, இடைமறிப்பு ஏவுகணைகளைத் தீர்க்கப் பார்க்கிறார்கள்.

இதற்கு மாற்றாக லேசர் கதிரால் சுடும் 'அயர்ன் பீம்' அமைப்பின் சோதனைகள் முடிந்துவிட்டதாக 2025 செப்டம்பரில் இஸ்ரேல் அறிவித்தது. ஒரு முறை சுட ஆகும் செலவு மிகவும் குறைவு. ஆனால் மேகம், தூசி இருந்தால் கதிரின் வலு குறையும். பல நூறு கி.மீ. உயரத்தில் வரும் பாலிஸ்டிக் ஏவுகணையை அதனால் தொட முடியாது.

கவசமே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவங்க யார்?

நம்பக் கஷ்டமாக இருக்கும். 1972 மே 26 அன்று அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நீண்ட தூர ஏவுகணைகளைத் தடுக்கும் அமைப்பை இரண்டு நாடுகளும் நாடு முழுவதும் நிறுவக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். ஆளுக்கு இரண்டு இடங்கள், பிறகு அதுவும் ஒரே இடம், 100 இடைமறிப்பு ஏவுகணைகள். அவ்வளவுதான்.

ஏன் தங்கள் மக்களைப் பாதுகாக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள்?

இரண்டு பேரிடமும் அணுகுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பலமான கவசம் கட்டுகிறார். மற்றவர் என்ன நினைப்பார்? "இவன் முதல்ல என்னை அடிச்சு என் ஏவுகணைகளை அழிச்சிடுவான். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தை நான் ஏவினா, அதைக் கவசத்தால தடுத்துடுவான்." உடனே அவர் இன்னும் ஆயிரம் ஏவுகணைகள் செய்வார். இல்லை, பயத்தில் முந்திக்கொண்டு அடிப்பார். பாதுகாப்புக்காகக் கட்டியது ஆபத்தைக் கூட்டிவிடும்.

1983 மார்ச்சில் அதிபர் ரீகன், விண்வெளியிலிருந்து ஏவுகணைகளைத் தடுக்கும் திட்டத்தை அறிவித்தார். 'ஸ்டார் வார்ஸ்' என்று ஊடகங்கள் பெயர் வைத்தன. சொன்னபடி அது நிறைவேறவே இல்லை. 2002 ஜூனில் அமெரிக்கா 1972 ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. வட கொரியா போன்ற நாடுகளிலிருந்து வரக்கூடிய ஒரு சில ஏவுகணைகளைத் தடுக்க மட்டுமே என்று காரணம் சொன்னது. இன்று அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும் அதற்காக 44 இடைமறிப்பு ஏவுகணைகள் நிற்கின்றன. சோதனைகளில் பாதிக்குச் சற்று அதிகமான முறைதான் அவை வெற்றி பெற்றுள்ளன.

ரஷ்யா இதை ஏற்கவில்லை. 2018 மார்ச் 1 அன்று அதிபர் புதின், தடுப்பு அமைப்புகளைத் தாண்டிச் செல்லும் 'அவன்கார்ட்' உள்ளிட்ட புதிய ஆயுதங்களை அறிமுகப்படுத்தினார். ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா வெளியேறியதற்கான பதில் இது என்று வெளிப்படையாகவே கூறினார். 2025 மே மாதம் டிரம்ப் 17,500 கோடி டாலர் மதிப்பில் 'கோல்டன் டோம்' திட்டத்தை அறிவித்தபோதும் ரஷ்யாவும் சீனாவும் எதிர்ப்புத் தெரிவித்தன.

இந்தியாவிடம் என்ன இருக்கிறது?

அப்துல் கலாம் தலைமையில் 1983-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தில் அக்னி, பிருத்வியோடு 'ஆகாஷ்' என்ற வான் பாதுகாப்பு ஏவுகணையும் இருந்தது. விமானம், ட்ரோன், குரூஸ் ஏவுகணை ஆகியவற்றுக்கு எதிரானது.

பாலிஸ்டிக் ஏவுகணைகளைத் தடுக்கும் தனித் திட்டமும் இந்தியாவிடம் உண்டு. 2006 நவம்பர் 27 அன்று, ஒடிசா கடற்கரையில் நடந்த சோதனையில், பாய்ந்து வந்த ஒரு பிருத்வி ஏவுகணையைச் சுமார் 48 கி.மீ. உயரத்தில் டிஆர்டிஓ வீழ்த்தியது. 2007 டிசம்பரில் காற்று மண்டலத்துக்குள், சுமார் 15 கி.மீ. உயரத்தில் இன்னொரு வெற்றி. இரண்டாம் கட்டமாக, அதிக தூரத்திலிருந்து வரும் ஏவுகணைகளைத் தடுக்கும் 'ஏடி-1' இடைமறிப்பு ஏவுகணை 2022 நவம்பரில் சோதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் நடந்த சோதனைக்குப் பிறகு, 5,000 கி.மீ. ரக ஏவுகணைகளைத் தடுக்கும் திறன் நிரூபிக்கப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

ரஷ்யாவிடமிருந்து ஐந்து எஸ்-400 அமைப்புகள் வாங்க 2018-ல் 543 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2021 இறுதியில் வரத் தொடங்கின. உக்ரைன் போரால் மீதமுள்ளவை தாமதமாயின. 400 கி.மீ. வரை எட்டக்கூடியது. இந்திய விமானப்படையில் இதற்கு 'சுதர்சன்' என்று பெயர்.

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூருக்குப் பிந்தைய நாட்களில் இந்தக் கவசம் நிஜப் போரில் சோதிக்கப்பட்டது. பாகிஸ்தான் அனுப்பிய ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் ஆகாஷ், எஸ்-400 உள்ளிட்டவை முறியடித்ததாக இந்தியா கூறியது. ஆதம்பூரில் எஸ்-400-ஐ அழித்துவிட்டதாக பாகிஸ்தான் கூறியது. மே 13 அன்று பிரதமர் மோடி ஆதம்பூர் சென்று, எஸ்-400 பின்னால் தெரியும்படி நின்று வீரர்களிடம் பேசினார். போர்க்காலத்தில் ஒரு கவசம் அப்படியே இருக்கிறது என்று காட்டுவதும் டிடரன்ஸின் ஒரு பகுதிதான்.

ஆனால் அதே நாட்களில் ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச் பகுதியில் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். அவர்களைக் கொன்றது ஏவுகணை அல்ல. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகள். எஸ்-400 போன்ற அமைப்புகள் இவற்றுக்கானவை அல்ல. எல்லையோர வீட்டுக்குத் தேவை பதுங்கு குழி.

இங்கேயும் 1972-ன் கணக்கு வேலை செய்கிறது. இந்தியாவின் தடுப்புத் திட்டம் வளர, 2017 ஜனவரியில் பாகிஸ்தான் 'அபாபீல்' ஏவுகணையைச் சோதித்தது. ஒரே ஏவுகணையில் பல அணுகுண்டுகளை வெவ்வேறு இலக்குகளுக்கு அனுப்பும் ரகம். பிராந்தியத்தில் தடுப்பு அமைப்புகள் பெருகுவதுதான் காரணம் என்று பாகிஸ்தான் ராணுவமே கூறியது. இந்தியாவும் 2024 மார்ச்சில் அதே திறனை அக்னி-5 ஏவுகணையில் சோதித்துக் காட்டியது.

2025 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி, 2035-க்குள் முக்கிய இடங்களுக்கெல்லாம் பாதுகாப்பு தரும் 'மிஷன் சுதர்சன் சக்ரா' திட்டத்தை அறிவித்தார். பாகிஸ்தானிலிருந்து டெல்லிக்கு ஏவுகணை வர ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். அதனால் இங்கே எல்லாமே இன்னும் வேகமாக நடக்க வேண்டியிருக்கும்.

ஹைப்பர்சோனிக் ஏவுகணையைத் தடுக்க முடியுமா?

ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் அதிக வேகத்தில், பாதையை மாற்றிக்கொண்டே வருவதுதான் இதன் சிறப்பு. எங்கே விழும் என்ற கணிப்பையே குழப்பிவிடும். ஆனாலும் 'தடுக்கவே முடியாது' என்று ரஷ்யா சொன்ன கின்ஷால் ஏவுகணையை 2023 மே மாதம் கீவ் அருகே பேட்ரியாட் அமைப்பு மூலம் வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. அமெரிக்காவும் அதை உறுதி செய்தது. கடினம், ஆனால் முடியாதது அல்ல.

100 சதவீதம் பாதுகாப்பு சாத்தியமா?

இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இராக்கின் ஒரு ஸ்கட் ஏவுகணை அமெரிக்க வீரர்களின் தங்குமிடத்தில் விழுந்து 28 பேர் உயிரிழந்தனர். அங்கிருந்த பேட்ரியாட் அமைப்பு அதைத் தடுக்க முயலவே இல்லை. காரணம், 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அதன் கணினிக் கடிகாரம் சுமார் மூன்றில் ஒரு விநாடி பிசகியிருந்தது. அந்தப் பிசகால் ரேடார் அரை கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தவறான இடத்தில் தேடியது. பிழையைச் சரிசெய்யும் மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

வழக்கமான வெடிகுண்டு என்றால் 90 சதவீதத் தடுப்பு பல உயிர்களைக் காப்பாற்றும். அணுகுண்டு என்றால் தப்பி வரும் ஒன்றே போதும். எனவே அணு ஆயுத நாடுகளிடையே கவசத்தை மட்டும் நம்ப யாரும் தயாராக இல்லை. திருப்பி அடிக்கும் பயமும், பேச்சுவார்த்தையும், ஒப்பந்தங்களும் இன்னும் தேவைப்படுகின்றன.

செய்தியில் '90% தடுக்கப்பட்டது' என்று வந்தால் என்ன பார்க்கணும்?

ஒன்று: எதில் 90 சதவீதம்? ஏவப்பட்ட மொத்தத்திலா, அடிக்க முடிவெடுத்தவற்றிலா?

இரண்டு: வந்தது என்ன? 100 ட்ரோன்களை வீழ்த்துவதும் 100 பாலிஸ்டிக் ஏவுகணைகளை வீழ்த்துவதும் ஒன்றல்ல.

மூன்று: எண்ணிக்கையைச் சொல்வது யார்? போரிடும் இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகவே சொல்லும். செயற்கைக்கோள் படங்கள் வர சில நாட்கள் ஆகும்.

நான்கு: கையிருப்பு எவ்வளவு? முதல் நாள் 99 சதவீதம் தடுத்த அமைப்பு, பத்தாவது நாளும் அதே எண்ணிக்கையில் சுட முடியுமா?

ஐந்து: தப்பி வந்தது யார் வீட்டில் விழுந்தது? அங்கே பதுங்குமிடம் இருந்ததா?